கிளி ஒட்டிய வட்டு

மதினி,

நேற்றுச் சாயங்காலம் முழுக்க வீட்டுக்குள் காசு விழுகிற சத்தம். பாப்பா சிமெண்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு ரூபாய்க் காசைச் சுண்டிவிடுவதும், அது கட்டிலுக்கடியில் ஓடினால் எட்டி எடுப்பதும், நோட்டில் ஒரு கோடு போடுவதுமாக இருந்தாள். பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். எனக்கு இன்னமும் பாப்பா என்றுதான் வாயில் வருகிறது. நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. "என்னடி, காசை வச்சு வெளாடிக்கிட்டு" என்று அதட்டினேன்.

"வெளாட்டு இல்லம்மா, வீட்டுப்பாடம். நூறு தடவ சுண்டி, பூ எத்தன, தலை எத்தனன்னு எழுதிட்டு வரச் சொன்னாக."

நிகழ்தகவு என்று ஒரு பாடமாம். கடைசியில் கூட்டிப் பார்த்தாள். தலை ஐம்பத்து மூன்று, பூ நாற்பத்தேழு. "இன்னும் நெறைய தடவ போட்டா பாதிக்குப் பக்கத்துல வந்துரும்மா. ஒரு பக்கமா சாயாத காசா இருந்தா" என்றாள்.

"சாயுற காசா இருந்தா?" என்று கேட்டுவிட்டேன்.

பாப்பா என்னை நிமிர்ந்து பார்த்தாள். படிப்பு விஷயத்தில் நான் கேள்வி கேட்பது அவளுக்குப் புதுசு. கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய், ஆணியில் தொங்கிய உங்கள் ஒயர் கூடையை எடுத்தேன்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உங்கள் வீட்டுக்கார அண்ணன் அந்தக் கூடையை என்னிடம் கொடுத்தார். "வேலைக்குக் கொண்டுபோன கூடை. இங்கன சும்மாதான் கெடக்கும், நீயாவது வச்சுக்கத்தா" என்றார். தூக்குவாளி உட்கார்ந்து உட்கார்ந்து அடிப்பக்கம் தொய்ந்திருந்தது. அதன்மேல் மடித்து விரித்த லேபிள் தாள், கிளிப் படம் மேலே தெரிய. தாளுக்கடியில் வட்டமாக ஏதோ இருப்பது அன்றைக்கே விரலுக்குத் தெரிந்துவிட்டது. அது என்னவென்றும் தெரிந்துவிட்டது. அதனால்தான் வெளியே எடுக்காமல் ஆணியில் மாட்டினேன். எடுத்தால் உங்களிடம் சொல்லாமல் விட்டதையும் எடுக்க வேண்டியிருக்கும்.

உங்களைப் பற்றி வெளியூர்க்காரர்கள் யாராவது கேட்டால், "வெடியிலயா?" என்றுதான் அடுத்த கேள்வி வருகிறது. இல்லை, கிட்னி என்று சொன்னால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். பட்டாசு செய்கிற நம் பக்கத்தில் சாவதற்கு வேறு காரணமே இருக்கக்கூடாது போல.

நான் முதன்முதலில் வேனில் ஏறிய நாள் உங்களுக்கு நினைவிருக்கும். ஆடி மாதம், சீசனுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த நேரம். கல்யாணமாகிப் பத்து மாதம்தான் ஆகியிருந்தது. ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற வழியெல்லாம் நான் வாயை மூடவில்லை. பயந்தால் எனக்குப் பேச்சு அதிகமாகும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தீர்கள். இறங்குகிறபோது, "நீ பேசுத வேகத்துக்கு வேன் டீசல் இல்லாமலே போகும் போல. என்னைய மதினின்னு கூப்பிடு" என்றீர்கள். சொந்தமும் இல்லை, ஒரே தெருவும் இல்லை. அன்றிலிருந்து மதினிதான்.

கேட்டில் காவல்காரர் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை நீட்டினார். செல்போன், சில்லறை, ஊக்கு, சாவி, எந்த இரும்பும் உள்ளே போகக்கூடாது. எங்காவது உரசிப் பொறி கிளம்பினால் போதும். என் சேலையில் குத்தியிருந்த ஊக்கை நீங்கள்தான் கழற்றிப் போட்டீர்கள்.

நம் அறை சின்னது, இரண்டு பேருக்கானது. வெடிமருந்து அடைத்து வரும் காகிதக் குழாயை அட்டை வட்டைச் சுற்றி இறுக்கிச் சுற்றி, பசை தடவி, மேலே லேபிள் ஒட்டினால் தரைச்சக்கரம். அந்த வருசத்து லேபிளில் பச்சைக் கிளி. அறைக்கு இரண்டு வாசல் உண்டு என்று பேர். சீசன் வந்தால் பின்வாசலை மறித்து அட்டைப்பெட்டி அடுக்கிவிடுவார்கள். மிச்சம் ஒரு வாசல். ஒருத்தி வாசலை ஒட்டி உட்காரலாம். இன்னொருத்தி உள்மூலையில், அடுக்கிய சக்கரங்களுக்கு அந்தப் பக்கம் உட்கார வேண்டும்.

நான் சேர்வதற்கு ஒரு மாதம் முன்னால்தான் பக்கத்து ஊர்க் கம்பெனி ஒன்றில் ஓர் அறை வெடித்துப் போயிருந்தது. வாசல் பக்கம் இருந்தவள் வெளியே வந்து விழுந்தாள். உள்ளே இருந்தவள் வரவில்லை. வேனில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அறைக்குள் நுழைந்ததும் நம் இரண்டு பேர் கண்ணும் வாசலோரத்து இடத்துக்குத்தான் போனது.

"பூவா தலையா போட்டுப் பாப்போமா?" என்று நான்தான் ஆரம்பித்தேன். காசு கேட்டில் அல்லவா கிடக்கிறது? நீங்கள் ஒரு அட்டை வட்டை எடுத்து, ஒரு பக்கம் கிளி லேபிளை ஒட்டி, காயவைத்து, மறுநாள் கொண்டுவந்தீர்கள். ஒரு பக்கம் கிளி, ஒரு பக்கம் வெள்ளை. தரையில் ரப்பர் விரிப்பு கிடந்ததால் விழுந்தால் சத்தமே வராது. ஒருநாள் நான் கேட்க வேண்டும், ஒருநாள் நீங்கள். கேட்ட பக்கம் விழுந்தால் கேட்டவளுக்கு வாசல். வேலை தொடங்குவதற்கு முன் அதுதான் நம் சாமி கும்பிடு. முடிந்ததும் வட்டை வாசல் நிலைக்கு மேலே செருகிவைப்பீர்கள்.

மூன்று வாரம் அப்படிப் போனது. பிறகு ஒருநாள், உங்கள் முறை வந்தபோது, "எனக்கு இதெல்லாம் கேக்கத் தெரியல பிள்ள. இனிமே நீயே கேளு" என்றீர்கள்.

எனக்கு என்ன, சந்தோசம்தான். தினமும் நானே கேட்டேன். ஒரு வாரத்துக்குள் எனக்குப் பிடிபட்டுவிட்டது, வட்டு ஒழுங்காக விழவில்லை, கிளி பக்கம்தான் அதிகமாக விழுகிறது என்று. அதன்பிறகு நான் வெள்ளை என்று ஒருநாளும் கேட்கவில்லை. சில நாள் யோசிக்கிற மாதிரி மேலே பார்ப்பேன், நெற்றியைச் சொறிவேன். கடைசியில் "கிளி" என்பேன். என்ன நடிப்பு! அப்போது பாப்பா வயிற்றில் இருந்தாள். வயிற்றைத் தடவி, இது இவளுக்காக, எனக்காக இல்லை என்று சொல்லிக்கொள்வேன். ஆனாலும் நீங்கள் சேலையைச் செருகிக்கொண்டு உள்மூலைக்குப் போகிறபோது, என்னால் உங்கள் முகத்தைப் பார்க்க முடியாது. வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருப்பேன். தை மாதம் வயிறு தள்ளி வேலையை விட்டு நிற்கிற வரைக்கும் அப்படித்தான்.

இதைத்தான் உங்களிடம் சொல்லவில்லை. பதினைந்து வருசம்.

பாப்பா பிறந்து, அடுத்த ஆவணியில் நான் திரும்ப வந்தபோது, அறையைக் கொஞ்சம் பெரிசாக மாற்றியிருந்தார்கள். நம்மோடு மூன்றாவதாக ஒரு பெண். புதுசாகத் தாலி கட்டிக்கொண்டவள், மஞ்சள்கூட மங்கவில்லை. நீங்கள் போய் உள்மூலையில் உட்கார்ந்துகொண்டு, "எனக்கு வாசல் வெளிச்சம் கண்ணக் கூசுது. நீங்க ரெண்டு பேரும் போட்டுக்கிடுங்க" என்றீர்கள். நான் நிலைக்கு மேலே கைவிட்டு வட்டை எடுத்தேன். பழைய பழக்கத்தில், அவள் வாயைத் திறப்பதற்குள், "எனக்குக் கிளி" என்றேன்.

"ஏ பிள்ள, நில்லு" என்றீர்கள். நீங்கள் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான். "இனிமே ரெண்டு தடவ போடணும். மொதல்ல கிளி, அடுத்து வெள்ளை விழுந்தா நீ வாசல்ல. மொதல்ல வெள்ளை, அடுத்து கிளி விழுந்தா அவ. ரெண்டும் ஒண்ணா விழுந்தா சேத்தி கெடயாது, மறுபடியும் போடணும்."

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. "ஏன், என்னையக் கள்ளின்னு சொல்லுதீகளா மதினி?" என்றேன்.

"நான் யாரையும் சொல்லல. பசை காஞ்சா லேபிள் பக்கம் லேசாக் குழியுது. குழிஞ்ச தட்டு நிமிந்துதான உக்காரும்? வட்டைத்தான் சொல்லுதேன்."

அவ்வளவுதான் சொன்னீர்கள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு தடவை போட்டோம், அன்றைக்கு அவளுக்குத்தான் வாசல் விழுந்தது. எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஒரு மாதம் உங்களோடு பேசவில்லை. மத்தியானம் வேப்பமரத்தடியில் நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வேனில்கூடப் பின் சீட்டில் போய் உட்கார்ந்தேன். என்னோடு ஆடியபோது ஒரு தடவை போதும், யாரோ ஒருத்தி வந்ததும் இரண்டு தடவையா என்று நாலு பேரிடம் வேறு சொல்லித் திரிந்தேன். திருட்டு பிடிபட்டவளுக்கு வாய் நீளும் என்பது எனக்கு என்னை வைத்தே தெரியும்.

பாப்பாவுக்குக் காய்ச்சல் கண்டு நான் வேலைக்கு வராத அன்று, நீங்களாக வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். "கொண்டா பிள்ளைய" என்று கையை நீட்டினீர்கள். சாத்தூர் ஆஸ்பத்திரி வரைக்கும் நீங்கள்தான் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். அதோடு சண்டை தீர்ந்தது. வட்டைப் பற்றி மட்டும் அப்புறம் நாம் பேசவே இல்லை.

போன வருசம் மதுரை பெரியாஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தபோது சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். உங்கள் கட்டில் வார்டின் கடைசியில், சுவரை ஒட்டி இருந்தது. காற்று வரவில்லை. வாசல் பக்கம் ஒரு கட்டில் காலியாக இருந்ததைப் பார்த்து, நர்சம்மாவிடம் கேட்கப் போனேன். நீங்கள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தீர்கள். கையில் பலமே இல்லை.

"வேண்டாம் பிள்ள. இங்கனயே இருக்கட்டும். எனக்கு உள்ளதான் பழக்கம்."

அதைக் கேட்டபின் எந்த வாயால் சொல்வது? ஆரஞ்சை உரித்து ஒவ்வொரு சுளையாகக் கொட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க வந்துவிட்டேன். விருதுநகர் வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.

நேற்று அந்தக் கூடையிலிருந்து லேபிள் தாளைத் தூக்கி, அடியிலிருந்த வட்டைப் பாப்பாவிடம் கொடுத்தேன். கிளியின் பச்சை வெளுத்திருந்தது. அவள் அதைப் போட்டுப் போட்டுப் பார்த்துக் குறிக்க ஆரம்பித்தாள். நான் தாளைத் திரும்ப மடித்து வைக்கப் போனேன். அப்போதுதான் பின்பக்கம் கண்ணில் பட்டது.

பென்சிலால் வரிவரியாக எழுதியிருந்தீர்கள். மேஸ்திரிக்காகச் சக்கரம் எண்ணிக் குறிக்கிற அதே கை. ஒரு நாளைக்கு ஒரு வரி. கிளியா, வெள்ளையா என்று ஒரு குறி. பக்கத்தில் யார் கேட்டது என்று ஓர் எழுத்து: நீங்கள் கேட்டால் நான் என்பதற்கு 'நா', நான் கேட்டால் அவள் என்பதற்கு 'அ'. ஞாயிற்றுக்கிழமைக்கு ஓர் இடைவெளி. முதல் மூன்று வாரம் 'நா', 'அ', 'நா', 'அ' என்று மாறி மாறி வருகிறது. மூன்றாம் வாரக் கடைசியில் ஒரு கோடு கிழித்து, கிளி பன்னிரண்டு, வெள்ளை ஆறு என்று கூட்டிப் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே 'நா' என்ற எழுத்தே இல்லை. தை மாதம் வரைக்கும் 'அ', 'அ', 'அ' மட்டும்தான்.

கோடு கிழித்த இடத்தில் விரலை வைத்தேன், மதினி. அந்த வாரம் எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பசை நாற்றம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி, அறைக்குப் பின்னால் போய் நான் வாந்தி எடுத்த வாரம். அப்போது என் மாமியாருக்குக்கூட நான் சொல்லியிருக்கவில்லை. நீங்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள். மறுநாள்தான், "எனக்குக் கேக்கத் தெரியல, இனிமே நீயே கேளு" என்றீர்கள்.

வட்டு சாய்கிறது என்று கண்டுபிடித்தவள் நான் என்று இத்தனை வருசம் நினைத்திருந்தேன். எனக்கு முன்னாலேயே கண்டுபிடித்து, அதை என் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

"அம்மா, இந்த வட்டுல மூணுக்கு ரெண்டு கிளிதான் விழுது" என்றாள் பாப்பா. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு தடவை போடுகிற உங்கள் முறையைச் சொன்னபோது, நோட்டைப் புரட்டிப் பெருக்கிப் பார்த்தாள். "கிளி அப்புறம் வெள்ளைன்னா, ஒம்பதுல ரெண்டு. வெள்ளை அப்புறம் கிளின்னாலும் ஒம்பதுல ரெண்டு. ரெண்டும் சமம்மா! வட்டு எப்படிச் சாஞ்சாலும் சமமாத்தான் வரும். அத்தை எங்க படிச்சாக இத?" என்றாள். எட்டாவதோடு தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போனவர் நீங்கள். நான் பிள்ளை பெற்று வீட்டில் கிடந்த அந்த ஏழு மாதத்தில், மூலையில் உட்கார்ந்து சக்கரம் சுற்றிக்கொண்டே யோசித்திருப்பீர்கள். வேறு எப்படி வந்திருக்கும்?

உங்கள் பங்கை எனக்கு விட்டுக்கொடுத்தீர்கள். அந்தப் புதுப்பெண்ணின் பங்கை விட்டுக்கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை என்று நினைத்திருக்கிறீர்கள். இந்தச் சின்ன விஷயம் புரியாமல்தான் ஒரு மாதம் பேசாமல் கிடந்தேன்.

பாப்பா அந்தத் தாளை வாங்கி, கோட்டுக்குக் கீழே எண்ணினாள். நூற்றுப் பதினொரு நாள். அதில் எழுபத்து நாலு நாள் கிளி விழுந்திருக்கிறது. "அப்ப கிட்டத்தட்ட எழுபத்து நாலு நாளு அத்தை உள்ள, நம்ம ரெண்டு பேரும் வாசல்ல" என்றாள். அப்புறம் வீட்டுப்பாடம் எழுதவில்லை.

உங்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். வாசல் பக்கம் நீ உக்காரு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன், அது உங்களுக்குத் தெரியும். கொடுத்தால் வாங்க மாட்டாள், ஜெயித்தால் வாங்கிக்கொள்வாள் என்று என்னைச் சரியாகத்தான் எடை போட்டிருக்கிறீர்கள். ஆனால் நான் ஏமாற்றிவிட்டேன் என்று பதினைந்து வருசம் உள்ளுக்குள் வெந்துகொண்டு கிடப்பேன் என்பதை மட்டும் நீங்கள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் ஆஸ்பத்திரியில் சொல்லியிருப்பீர்கள். நானும் சொல்லியிருப்பேன். மதினி, தெரிந்தேதான் கிளி கேட்டேன். ஒவ்வொரு நாளும் தெரிந்தேதான் கேட்டேன்.

நீங்கள் உடம்பு முடியாமல் வேலையை விட்டபோது வட்டும் உங்கள் கூடையோடு போய்விட்டது. அதன்பிறகு நம் அறையில் யாரும் வட்டு போடுவதில்லை. முதலில் போகிறவளுக்கு வாசல் என்றாகிவிட்டது. முதலில் போகிறவள் யாரென்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேன் நின்றதும் நான் நடக்கிற வேகம் உங்களுக்குத் தெரியும்.

இன்று காலை வட்டை இடுப்பில் செருகிக்கொண்டு போனேன். கேட்டில் காவல்காரர், "என்னக்கா அது?" என்றார். எடுத்துக் காட்டினேன். "அட்டைதான, கொண்டு போங்க" என்றார். இப்போது என்னோடு அறையில் இருப்பவள் அச்சங்குளத்துப் பெண். தீப்பெட்டிக் கம்பெனியிலிருந்து மாறி வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. வந்த நாளிலிருந்து உள்மூலையில்தான் உட்காருகிறாள். வெளியே தகரம் விழுந்தால்கூடத் துள்ளி எழுந்துவிடுவாள்.

வட்டைக் காட்டி விவரம் சொன்னேன். உங்கள் முறையைச் சொல்லவில்லை. "ஒரு தடவதான் போடுவோம். எனக்குக் கேக்கத் தெரியாது, நீயே கேளு" என்றேன்.

அவள் வட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நான் மனசுக்குள் கிளி, கிளி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"வெள்ளை" என்றாள்.

கிளி விழுந்தது. நான்தான் ஜெயித்தேன். வேறு வழியில்லாமல் வாசலில் உட்கார்ந்தேன். அவள் சேலையைச் செருகிக்கொண்டு உள்ளே போனாள். எத்தனையோ வருசம் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், வெளியே பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்குத்தான் திரும்பி உள்ளே பார்த்தேன். அடுக்கிய சக்கரங்களுக்கு அந்தப் பக்கம் அவள் தலை மட்டும் தெரிந்தது. அவளும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீங்களும் அப்படிப் பார்த்திருப்பீர்கள்.

நாளைக்கு அவள் கிளி கேட்பாள், அல்லது அடுத்த வாரம் அவளாகவே கண்டுபிடிப்பாள் என்று காத்திருக்க எனக்குப் பொறுமை போதவில்லை. உங்கள் அளவுக்கு எனக்கு நிதானம் கிடையாது. எழுந்து என் பசைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

"என்னக்கா, நீங்கதான ஜெயிச்சீக?"

"எந்திரி. அங்கன வெளிச்சம் கண்ணக் கூசுது. எனக்கு உள்ளதான் பழக்கம்" என்றேன்.

பொய்தான். பழகிவிடும், மதினி.